கண்ட்ரோலரில் தொடுதிரை: யாருக்காவது நிஜமாகவே பயன்பட்டதா?

#1 · மாலைநேரவீரன் · கோயம்புத்தூர்

வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் ஒருவர் தன்னுடைய பழைய நின்டெண்டோ வீ யூ கன்சோலை விற்கப் போகிறார். நேற்று அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கன்சோல் டிவிக்குப் பின்னால் எங்கேயோ ஒதுங்கிக் கிடக்கிறது. கண்ட்ரோலர்தான் டிபன் தட்டு மாதிரி அகலமாக மேசையில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் 6.2 அங்குலத் தொடுதிரை, பின்பக்கம் செருகி வைக்க ஒரு பிளாஸ்டிக் பேனா.

என் மகளுக்கு ஒன்பது வயது. யூடியூபில் மரியோ மேக்கர் (மரியோ கட்டங்களை நாமே செய்யும் கேம்) பார்த்துவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்காகத்தான் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி குடைகிறது. நான் 2015-லிருந்து பிஎஸ்4 ஆடுகிறேன். அந்தக் கண்ட்ரோலரின் நடுவிலும் ஒரு டச்பேட் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை ஒரு பெரிய பட்டனாக அழுத்தி மேப் திறந்திருக்கிறேன், அவ்வளவுதான். விரலால் தேய்த்த ஞாபகமே இல்லை. அந்த இடத்தில் திரையே வைத்தால் மட்டும் என்ன லாபம்? டிவியைப் பார்த்து ஆடும்போது கையில் இருக்கிற திரையை யார் பார்ப்பார்கள்?

விளம்பரத்தில் சொன்னதெல்லாம் வேண்டாம். ஆடியவர்கள் சொல்லுங்கள்.

#2 · கடலைமிட்டாய்

யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் வீ யூ மொத்தமே 1 கோடியே 35 லட்சம் பெட்டி விற்றது. அதற்கு முந்தைய வீ 10 கோடியைத் தாண்டியது. கண்ட்ரோலரில் திரை வைத்தார்கள், கடை காலி. திரியை மூடிவிடலாம்.

#3 · பிக்சல்பாட்டன் · சென்னை

கடலை, அவசரப்படாதே தம்பி. அதே நின்டெண்டோ 2004-ல் டிஎஸ் என்ற கையடக்கக் கருவியை விட்டது. அதிலும் தொடுதிரை, அதிலும் பேனா. 15 கோடியே 40 லட்சம் விற்றது. அப்படியானால் குற்றவாளி தொடுதிரை இல்லை, வேறு எதுவோ.

இரண்டையும் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன். டிஎஸ்-ல் இரண்டு திரையும் ஒன்றின் மேல் ஒன்று, நடுவில் ஒரு கீல். கண் துளி மேலே, துளி கீழே போனால் போதும். வீ யூ-வில் ஒரு திரை எட்டடிக்கு அப்பால், இன்னொன்று மடியில். ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் கண் தன் ஃபோகஸை மாற்றிக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் அது தெரியவே தெரியாது. எனக்கு 47. வெள்ளெழுத்து வந்தாயிற்று. கண்ணாடி போடாவிட்டால் டிவி பளிச்சென்று தெரிகிறது, மடியில் இருக்கும் மேப் தெரியவில்லை. கண்ணாடி போட்டால் மேப் தெரிகிறது, டிவி மங்கிவிடுகிறது. நாற்பது தாண்டியவர்களுக்கு அந்தக் கண்ட்ரோலரோடு ஒரு பைஃபோகலும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

#4 · மாலைநேரவீரன் · கோயம்புத்தூர்

அண்ணே, எனக்கு 41. பயமுறுத்தாதீர்கள்.

#5 · மின்மினி · சிங்கப்பூர்

பிக்சல் அண்ணன் குறை என்று சொல்வதையே ஆட்டமாக மாற்றிய ஒரு கேம் இருக்கிறது. வீ யூ வந்த அன்றே, 2012 நவம்பரில் வந்த ஸோம்பி யூ. யூபிசாஃப்ட் போட்டது. லண்டன் நகரம் முழுக்க நடைபிணங்கள், நீங்கள் தனியாள். மருந்தோ தோட்டாவோ எடுக்க வேண்டுமென்றால் முதுகுப்பையைத் திறக்க வேண்டும். பை திறப்பது கையில் உள்ள திரையில். பைக்குள் விரலால் துழாவிக்கொண்டிருக்கிறீர்கள், ஆட்டம் நிற்காது. டிவியில் உங்கள் ஆள் முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறான். பின்னால் எதுவோ இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்கிறது. நிமிர்ந்து பார்க்கலாமா, மருந்தை எடுத்துவிடலாமா?

என் அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்து "சித்தி வருது வருது" என்று கத்துவான். நான் குனிந்தபடியே "எவ்வளவு தூரத்துல?" என்று கேட்பேன். அந்த மாதிரி பயம் எனக்கு வேறு எந்த கேமிலும் வந்ததில்லை.

இதே கேமை 2015-ல் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசிக்கு மாற்றினார்கள். பெயரில் இருந்த யூ போய்விட்டது, திரையும் போய்விட்டது. பை டிவியிலேயே திறக்கும். நான் அதையும் ஆடினேன். பை அதே பை, பிணம் அதே பிணம். ஆனால் ஓரக்கண்ணில் எல்லாம் தெரிகிறது. பயம் பாதியாகிவிட்டது.

#6 · கடலைமிட்டாய்

சரி அக்கா, ஒன்று. ஒரு கேமுக்காக அரைக் கிலோ கண்ட்ரோலரா? (உண்மையிலேயே 491 கிராம். பிஎஸ்4 கண்ட்ரோலர் 210.) பேட்டரி 3-லிருந்து 5 மணி நேரம் என்று அவர்களே போட்டிருந்தார்கள். மற்ற கேம்கள் அந்தத் திரையில் என்ன செய்தன என்று யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

#7 · ஆறாம்விரல் · மதுரை

நேர்மையாகவே சொல்கிறேன், இரண்டு பக்கமும்.

மரியோ கார்ட் 8-ல் அந்தத் திரையில் பெரிதாக இருந்தது ஹார்ன். தொட்டால் பாம் பாம். நம் ஊர் டவுன் பஸ் டிரைவருக்கு வேண்டுமானால் பிடிக்கும். டாங்கி காங் டிராபிகல் ஃப்ரீஸில் இன்னும் மோசம்: டிவியில் ஆடினால் கைத்திரை சும்மா கறுப்பாகிவிடும். நின்டெண்டோவே வெளியிட்ட கேம், அந்தக் கன்சோலின் பெருமையே அந்தத் திரை, அதில் காட்ட ஒன்றுமில்லை என்று அணைத்துவிட்டார்கள். 2016-ல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஸீரோவில் நேர் எதிர்: விமானத்தை வெளியிலிருந்து பார்க்கும் காட்சி டிவியில், விமானி இருக்கையிலிருந்து பார்க்கும் காட்சி கையில். சரியாகக் குறிவைக்கக் குனிய வேண்டும், மோதாமல் இருக்க நிமிர வேண்டும். பலர் கேமை விட்டே போனார்கள்.

இனி நல்ல பக்கம். விண்ட் வேக்கர் எச்டி-யில் பொருள் மாற்றுவது முழுக்கக் கையில் இருக்கும் திரையில்தான். பழைய 2002 கேமில் ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குள் போய் வர வேண்டும். அந்தத் தொல்லை அப்படியே மறைந்தது. பெயிண்ட் அடித்து இடம் பிடிக்கும் முதல் ஸ்ப்ளாட்டூனில் (2015) மொத்த மைதானமும் எப்போதும் கைத்திரையில் தெரியும், எந்த நிறம் எங்கே பரவியிருக்கிறது என்று. உங்கள் அணியில் ஒருவரைத் தொட்டால் அவரிடம் பறந்து போய் விழலாம். 2017-ல் இரண்டாவது ஸ்ப்ளாட்டூன், வீ யூ-வுக்கு அடுத்த கன்சோலான ஸ்விட்சில் வந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் மேப் டிவி முழுக்கத் திறக்கும். அந்த ஒரு நொடி எதிரே வருபவனைப் பார்க்க முடியாது. ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கைத்திரைக்காக நான் ஏங்கவில்லை.

எனக்குக் கடைசி ஆணி அடித்தது செல்டா வரிசையில் வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட். 2014-ல் முதலில் காட்டியபோது மேப் வீ யூ கைத்திரையில் இருந்தது. 2017 மார்ச்சில் கேம் வந்தபோது இல்லை. டிவிக்கும் கைக்கும் மாறி மாறிப் பார்ப்பது ஆட்டத்தில் ஊன்றவிடாமல் கெடுக்கிறது என்று தயாரிப்பாளர் அவோனுமாவே காரணம் சொன்னார். அதே கேம் ஸ்விட்சிலும் வருகிறது, இரண்டுக்கும் ஒரே அனுபவம் வேண்டும் என்ற கணக்கும் இருந்திருக்கும், அது வேறு. ஆனாலும் திரையைக் கண்டுபிடித்தவர்களே ஐந்து வருடம் கழித்து "குனியாதீர்கள்" என்று சொன்னது ஒரு வகையில் தீர்ப்புதான்.

#8 · துள்ளல்குட்டி · திருச்சி

நீங்கள் எல்லாம் ஏதோ 2012-ல் நின்றுவிட்டீர்கள் போல. நான் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி கேம் ஆடுகிறேன், நான்கு விரலால் பிடிக்கும் க்ளா முறையில். எனக்கு பட்டனே கிடையாது, முழுக்க டச். கண்ட்ரோலர் வைத்து ஆடுபவர்களைவிட நான் வேகம். தொடுதிரை பயன்படாது என்று சொல்வது பெரிசுகளின் பழக்கதோஷம்.

#9 · பிக்சல்பாட்டன் · சென்னை

பெரிசு வந்துவிட்டேன். :)

தம்பி, நீ ஆடும்போது கண் எங்கே? போனில். விரல் எங்கே? அதே போனில். உனக்குக் குனிந்து நிமிர வேண்டிய வேலையே இல்லை. நாங்கள் பேசுவது கண் டிவியிலும் விரல் மடியிலும் இருக்கும் நிலைமையை. உன் போனை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, படத்தை டிவியில் போட்டு, அதே நான்கு விரலில் ஒரு மேட்ச் ஆடிப் பார்.

பழைய பட்டன் போனில் 5-ம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்காது, மற்றவர்களுக்கு இருக்கும். அந்தப் புடைப்பை நம்பித்தான் காலேஜில் பெஞ்சுக்கு அடியில், வாத்தியார் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழு எஸ்எம்எஸ் அடித்தோம். கண்ணாடித் திரையில் அந்த வேலை நடக்காது. விரலுக்கு ஓரம் தெரியாது. அதிர்வு கொடுத்தாலும் அது தொட்ட பிறகுதான் வரும். தொடுவதற்கு முன்னால் "இதுதான் இடம்" என்று சொல்ல ஒன்றும் இல்லை.

கார்களிலும் இதே கதைதான். எல்லாவற்றையும் திரைக்குள் போட்டார்கள். இப்போது ஐரோப்பாவில் கார் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்கு நிஜமான பட்டனோ லீவரோ இருந்தால்தான் 2026-லிருந்து ஐந்து நட்சத்திரம் என்று சொல்லிவிட்டது.

#10 · துள்ளல்குட்டி · திருச்சி

மேசைக்கு அடியில் ஆடிப் பார்த்தேன். லாபியிலிருந்தே வெளியே வர முடியவில்லை. சரி, அந்தப் பாயிண்ட் உங்களுக்கு.

#11 · பொத்தான்பித்தன் · கோயம்புத்தூர்

நான் ஒரு சின்ன கேம் ஸ்டுடியோவில் மெனு, மேப், ஹெல்த் பார் மாதிரி விஷயங்களை வடிவமைக்கிறேன். ஆடுபவர்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேசிவிட்டீர்கள். செய்பவர்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் டச்பேட் வெறும் மேப் பட்டனாகக் கிடப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கேம் இன்று ஒரே கன்சோலுக்கு வருவது குறைவு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், பிசி, முடிந்தால் ஸ்விட்ச். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் தொடும் பரப்பே கிடையாது. ஆகவே தேய்த்துச் செய்கிற வேலை எதுவாக இருந்தாலும் அதைப் பட்டனிலும் செய்ய வழி வைத்தாக வேண்டும். பட்டனில் வழி வைத்த பிறகு, எதற்காகத் தேய்ப்பதையும் எழுதி, சோதித்து, அதில் வரும் பிழையைத் திருத்தி, ஆடுபவர்களுக்குக் கற்றும் கொடுக்க வேண்டும்? மீட்டிங்கில் இந்தக் கேள்வி வந்ததும் டச்பேட் மேப் பட்டனாகிவிடும். பெரிய தட்டையான பட்டன், குறி தப்பாது, எல்லோருக்கும் சம்மதம்.

நன்றாகப் பயன்படுத்தியவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே கன்சோலை மனதில் வைத்துச் செய்தவர்கள். கில்ஸோன் ஷேடோ ஃபாலில் (2013) டச்பேடில் நான்கு திசையில் தேய்த்தால் கூட வரும் ட்ரோனுக்கு நான்கு விதமான கட்டளை. கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் (2020) மேல்நோக்கித் தேய்த்தால் காற்று வீசி, போக வேண்டிய திசையில் புல் சாயும். இரண்டிலும் ஒரு ஒற்றுமை கவனியுங்கள். எங்கே தொடுகிறோம் என்பது முக்கியமே இல்லை, எந்தப் பக்கம் தேய்க்கிறோம் என்பதுதான் கணக்கு. அதனால் குனிய வேண்டாம். பிக்சல் அண்ணன் சொன்ன புடைப்பு இல்லாமலேயே வேலை நடக்கிறது. மாலைநேரவீரன், நீங்கள் சுஷிமா ஆடியிருந்தால் ஆயிரம் தடவை தேய்த்திருப்பீர்கள், தேய்க்கிறோம் என்று தோன்றியிருக்காது.

திரை என்றால் செலவு இன்னும் கூடும். அதே மெஷின் இரண்டு படம் வரைய வேண்டும். ஒன்று சும்மா மேப் என்றால் பரவாயில்லை. ஸ்டார் ஃபாக்ஸ் மாதிரி இரண்டும் முப்பரிமாணக் காட்சி என்றால் முதுகு ஒடியும். அப்புறம் ஸ்விட்ச். அதில் அருமையான தொடுதிரை இருக்கிறது, ஆச்சரியமாக முதல் மாடலில் அதுவும் 6.2 அங்குலம்தான். ஆனால் டிவியில் மாட்டியதும் அது டாக் என்ற தாங்கிக்குள் போய் மறைந்துவிடும். பாதிப் பேர் டிவியில் ஆடுவார்கள், ஆகவே தொடுவதைக் கட்டாயமாக்க முடியாது. துணிந்து கட்டாயமாக்கியவர்களும் உண்டு: 2017-ல் வோயெஸ் என்ற இசை கேம் முதலில் தொடுதிரையில் மட்டும்தான் ஆட முடிந்தது, டிவியில் கிடையாது. அப்படி ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

எங்கள் கேமில் நானே ஒரு தடவை டச்பேடில் ஜூம் செய்யும் மேப் செய்து காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் வெட்டிவிட்டார்கள்.

#12 · கடலைமிட்டாய்

கைதட்டிவிட்டு வெட்டுவது நம் எல்லா ஆபீசிலும் உண்டு. இந்த ஒரு பதிவுக்காகவே திரியை மூடச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

#13 · பனங்கொட்டை · ரொறன்ரோ

எல்லாரும் தனியாக விளையாடுவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் வீட்டில் வீ யூ வாங்கியது பெடியள் நாலைந்து பேர் சேர்ந்து விளையாட. அதோடு வந்த நின்டெண்டோ லாண்டில் ஒரு விளையாட்டு, லூயிஜியின் பேய் மாளிகை. ஒருவர் பேய், அவர் கையில் திரை வைத்த கண்ட்ரோலர். மற்றவர்கள் டோர்ச் பிடித்துத் தேடுகிற ஆட்கள், அவர்கள் பார்ப்பது ரீவியை. பேய் ரீவியில் தெரியாது, பேயாக விளையாடுகிறவரின் கையில் மட்டும் தெரியும். பேய் கிட்ட வந்தால் மற்றவர்களின் ரிமோட் அதிரும், அவ்வளவுதான் துப்பு.

சீட்டாட்டத்தில் சீட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதுபோல. ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியக்கூடாது. ரீவி எத்தனை அங்குலம் என்றாலும் அந்த வேலையைச் செய்யாது, எல்லாரும்தானே பார்க்கிறார்கள். கண்ட்ரோலரில் திரை இருப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

பிழை என்னவென்றால் அப்படித் திரை வைத்த கண்ட்ரோலர் வீட்டுக்கு ஒன்றுதான். இரண்டு வைக்கலாம் என்று முதலில் சொன்னார்கள், அப்படி ஒரு விளையாட்டும் வரவில்லை. ஆகவே யார் பேய் என்று ஒவ்வொரு முறையும் சண்டை. இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நத்தாருக்குச் சேர்ந்தால் ஜாக்பாக்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கு ஒரு போன், அதில் பொய் விடை எழுது, படம் கீறு, ரீவியில் எல்லாம் வரும். கண்ட்ரோலரே தேவையில்லை. அந்தத் திரை கடைசியில் எல்லாருடைய சட்டைப் பையிலும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

#14 · மின்மினி · சிங்கப்பூர்

பனங்கொட்டை அண்ணா, சீட்டு உவமை அருமை. ஆனால் போனைக் கண்ட்ரோலரோடு இரண்டாவது திரையாக வைக்கும் முயற்சியும் பல தடவை தோற்றது. 2012-ல் எக்ஸ்பாக்ஸ் ஸ்மார்ட்கிளாஸ் என்ற ஆப் வந்தது. 2015-ல் ஃபால்அவுட் 4-க்கு, கேமில் கையில் கட்டியிருக்கும் பிப்-பாய் என்ற குட்டிக் கணினியை அப்படியே போனில் காட்டும் ஆப். நான் ஆசை ஆசையாக இறக்கி மூன்று நாள் பயன்படுத்தினேன். கண்ட்ரோலரைக் கீழே வைத்து, போனை எடுத்து, தொட்டு, திரும்பக் கண்ட்ரோலரை எடுப்பதற்குள் பட்டனை அழுத்திவிடலாம். ஜாக்பாக்ஸில் கையில் வேறொன்றும் இல்லை, அதனால் சரியாக வருகிறது.

#15 · கைமண்ணளவு · ஈரோடு

இதுவரை யாரும் தொடாத விஷயம் ஒன்று. என் தம்பிக்குத் தசை பலவீனம். ட்ரிகர் பட்டனை முழுசாக அழுத்தும் பலம் அவன் ஆள்காட்டி விரலில் இல்லை, ஸ்டிக்கை அழுத்தவே முடியாது. தொடுதிரைக்கு பலம் தேவையில்லை, விரல் பட்டால் போதும். அதனால் அவன் டேப்லெட்டில் மணிக்கணக்கில் ஆடுவான், கண்ட்ரோலரில் பத்து நிமிடத்தில் களைத்துவிடுவான். கண்ட்ரோலரிலேயே நல்ல தொடு பரப்பு இருந்து, எந்தப் பட்டனையும் அங்கே மாற்றிக்கொள்ள விட்டால் அவன் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம்.

அதேசமயம் அவன் நண்பன் ஒருவனுக்குப் பார்வை இல்லை. சண்டை கேம்களைச் சத்தத்தை வைத்தே ஆடுவான், என்னைத் தோற்கடித்திருக்கிறான். அவனுக்குக் கண்ணாடித் திரை வெறும் சுவர். பட்டன்தான் உயிர்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே 2018-ல் மைக்ரோசாஃப்ட் விட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரிலும், 2023-ல் சோனி விட்ட ஆக்ஸஸ் கண்ட்ரோலரிலும் திரை கிடையாது. பெரிய பட்டன்கள், வெளியிலிருந்து உங்களுக்கு ஏற்ற ஸ்விட்சை (கன்சோல் இல்லை, தனிப் பொத்தான்) செருகத் துளைகள். எது உங்களுக்குச் சுலபமோ அதைக் கொண்டுவந்து மாட்டு என்று விட்டுவிட்டார்கள். தம்பிக்கு அப்படித்தான் மிக லேசாகத் தொட்டால் போதுமான ஸ்விட்ச் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.

#16 · பொத்தான்பித்தன் · கோயம்புத்தூர்

கைமண்ணளவு, தனிமடல் அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஆபீசில் சோதனைக்கு வாங்கிய ஸ்விட்ச் இரண்டு இருக்கிறது, கொண்டுபோய் முயன்று பாருங்கள்.

#17 · நெறியாளர்

பிளேஸ்டேஷன் போர்ட்டல், ரிமோட் ப்ளே, வைஃபை லேக் பற்றிய 11 பதிவுகளைத் தனித் திரிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கண்ட்ரோலர் திரை மட்டும்.

#18 · ஆறாம்விரல் · மதுரை

நெறியாளர் கோபிக்காமல் இருந்தால் ஒரு வரி: போர்ட்டலும் இந்தத் திரிக்குச் சொந்தம்தான். 2023-ல் வந்த அது என்ன? கண்ட்ரோலரை நடுவில் வெட்டி 8 அங்குலத் திரையைச் சொருகியது. வீ யூ-வின் பாதி யோசனை: வீட்டில் யாராவது டிவியில் சீரியல் பார்த்தால் நீ கையிலேயே ஆடு. மறுபாதியை, அதாவது டிவி ஒன்று கைத்திரை ஒன்று என்பதை, அவர்கள் தொடவே இல்லை. வீ யூ வைத்திருந்த என் நண்பர்களும் உண்மையில் அதிகம் பயன்படுத்தியது டிவி இல்லாமல் ஆடும் வசதியைத்தான்.

அப்புறம் எழுத்து அடிப்பது. ஸ்டிக்கைத் தள்ளித் தள்ளி வைஃபை பாஸ்வேர்டு அடித்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கொடுமை. கைத்திரை இருந்ததால் வீ யூ-வில் மீவெர்ஸ் என்று ஒரு பலகை வைத்தார்கள், பேனாவால் எழுதி வரைந்து போடலாம். கேமை விட்டுவிட்டு அதில் வரைந்துகொண்டே இருந்தவர்கள் உண்டு. கறுப்பு வெள்ளையில் அப்படி ஓவியங்கள். 2017 நவம்பரில் மூடிவிட்டார்கள்.

#19 · பழையவயர் · சேலம்

இந்த விவாதத்தை ஒரு கம்பெனி தனக்குள்ளேயே நடத்தி முடித்தது. ஸ்டீம் என்ற பிசி கேம் கடையை நடத்தும் வால்வ். 2013 செப்டம்பரில் ஸ்டீம் கண்ட்ரோலரை அறிவித்தபோது அதன் நடுவில் தொடுதிரை இருந்தது. குனிந்து பார்க்கும் பிரச்சினை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதற்கு ஒரு வழியும் சொன்னார்கள்: கைத்திரையை விரல் தொட்டதும், அதில் இருப்பது அப்படியே நீங்கள் பார்க்கும் பெரிய திரையில் கேமுக்கு மேலே தெரியும், கண்ணை எடுக்கவே வேண்டாம். தவறிப்போய் விரல் பட்டால் எதுவும் நடக்காது, திரையையே பட்டன் மாதிரி அழுத்த வேண்டும்.

படிக்கும்போது "அடடா" என்று இருந்தது. கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும். பெரிய திரையிலேயே தெரியப் போகிறது என்றால் கையில் எதற்குத் திரை? சும்மா தொடு பரப்பு போதுமே. 2014 ஜனவரியில் திரையைத் தூக்கிவிட்டார்கள். 2015 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோது இரண்டு டிராக்பேட் மட்டும். மவுஸை வைத்து ஆடும் கேம்களை சோபாவில் சாய்ந்து ஆட அது அற்புதம், நான் இன்னும் வைத்திருக்கிறேன். பிறகு 2022-ல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி. அதில் தொடுதிரை திரும்ப வந்தது. ஏன்? அங்கே பார்க்கும் திரையும் அதுதான்.

#20 · மாலைநேரவீரன் · கோயம்புத்தூர்

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்ட கேள்வியே கொஞ்சம் கோணல் என்று இப்போது புரிகிறது. திரை இருக்கிறதா என்று கேட்டேன், கண் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் மரியோ மேக்கர்? அதை உட்கார்ந்து செய்யும்போது மகளுக்குக் கண் எங்கே இருக்கும்?

#21 · மின்மினி · சிங்கப்பூர்

முழுக்கக் கையில். அதனால்தான் அந்தக் கன்சோலிலேயே அந்தத் திரைக்குப் பொருத்தமான கேம் அது. பேனாவால் ஒரு செங்கலைத் தொட்டு இழுத்தால் வரிசையாகச் செங்கல். எதிரியைப் பிடித்து உதறினால் வேறு மாதிரி மாறும். காளானை எடுத்து எதிரியின் வாயில் ஊட்டினால் அது பெருத்துவிடும், இறக்கையைக் கொடுத்தால் பறக்கும். எங்கும் மெனு தேட வேண்டாம், நோட்டுப் புத்தகத்தில் கிறுக்குவது மாதிரி. டிவியை மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம்.

ஸ்விட்சில் 2019-ல் இரண்டாம் பாகம் வந்தது. கையில் வைத்து விரலால் செய்யலாம், டிவியில் என்றால் ஸ்டிக்கால் ஒரு குட்டிக் கையை நகர்த்த வேண்டும். அதில் கருவிகள் அதிகம், ஆன்லைனும் உண்டு. ஆனால் விரல் நுனி தடிமன், பேனா முனை மெல்லிசு. ஒரு கட்டத்தில் ஒரு செங்கலை வைக்க எனக்குப் பேனாதான் தோது. குழந்தை விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாமலும் போகலாம்.

#22 · பழையவயர் · சேலம்

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பெட்டி எந்த நாட்டுடையது. அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் கன்சோல் அடாப்டர், கண்ட்ரோலர் அடாப்டர் இரண்டும் 120 வோல்ட். நம் ஊர் 230-ல் நேராகச் செருகினால் புகைதான். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இரண்டு, வீ யூ டிஸ்குகள் ரீஜியன் பூட்டு, அமெரிக்கப் பெட்டியில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது. ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் மூடியாயிற்று, ஆகவே மரியோ மேக்கர் டிஸ்க் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். மூன்று, மற்றவர்கள் செய்த கட்டங்களை இறக்க முடியாது, ஆன்லைன் 2024 ஏப்ரலில் நின்றுவிட்டது. உங்கள் மகள் செய்வதை நீங்கள் ஆடலாம், நீங்கள் செய்வதை அவள் ஆடலாம்.

#23 · மாலைநேரவீரன் · கோயம்புத்தூர்

ஞாயிறு காலை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐரோப்பியப் பெட்டி, அடாப்டர் பிரச்சினை இல்லை. டிஸ்க் இருக்கிறது. அவர் அதை ஓடவிட்டுக் கண்ட்ரோலரை மகள் மடியில் வைத்தார். நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் மரியோ எந்தப் பக்கமும் போக முடியாதபடி சுற்றிலும் முள் வைத்து ஒரு கட்டம் செய்துவிட்டாள். "அப்பா நீ ஆடு" என்றாள். நாலு தடவை செத்தேன். டிவியை அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, நான் செத்தபோது தவிர.

வாங்கியாயிற்று. பேனாவை மட்டும் காணோம், வீடு மாறும்போது தொலைந்ததாம். போனுக்கு விற்கும் ரப்பர் முனை ஸ்டைலஸ் வேலை செய்யுமா?

#24 · பிக்சல்பாட்டன் · சென்னை

வேலை செய்யும், ஆனால் முனை தடிமனாக இருக்கும், விரலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இது போன் மாதிரித் திரை இல்லை, ரெசிஸ்டிவ். அழுத்தம் பட்டால் போதும், எது அழுத்துகிறது என்று அதற்குக் கவலையில்லை. அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும்தான் உணரும், இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்க முடியாது. பழைய டிஎஸ் பேனா ஏதாவது கிடைத்தால் அதுவே போதும். பால்பாயிண்ட் பேனாவை மட்டும் எடுக்க விடாதீர்கள், மேலே இருக்கும் பிளாஸ்டிக் கீறிவிடும். அதுவரை மகளை விரல் நகத்தால் தொடச் சொல்லுங்கள்.

#25 · மாலைநேரவீரன் · கோயம்புத்தூர்

நகத்தால் ஆடுகிறாள். இப்போது நகம் வெட்ட விடமாட்டேன் என்கிறாள். வீட்டில் எனக்குத்தான் திட்டு.